குடை விரியாத பிரதி

உங்கள் அறை நல்ல வெதுவெதுப்பாக இருக்கிறது, சார். எங்கள் காப்பகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷம் முழுக்க மூக்கு ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். பழைய படச்சுருள்களைக் குளிரில் வைக்காவிட்டால் அவை சுருங்கி, வினிகர் மாதிரிக் காடி வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். மனிதர்கள் சுருங்கினால் பரவாயில்லை, அதற்குத்தான் கம்பளிச் சட்டை கொடுத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கோடையிலும் நான் கம்பளியோடுதான் வேலை பார்க்கிறேன். அதனால் எனக்கு ஒரு அவசரமும் இல்லை. சாவகாசமாகவே கேளுங்கள்.

எனக்கு நகைச்சுவை உணர்ச்சியே கிடையாது என்று எங்கள் மேலதிகாரி புகாரில் எழுதியிருக்கிறாராம். அது அபாண்டம். மற்றதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன், அதை மட்டும் அடித்துவிடுங்கள். எங்கள் கட்டடத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறவள் நான் ஒருத்திதான். என் கஷ்டமெல்லாம் அந்தச் சிரிப்பிலிருந்துதான் தொடங்கியது என்றுகூடச் சொல்லலாம்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு பழைய பிரதி வந்தால் அதை மேஜையில் மாட்டி, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றி, அடி அடியாகப் பார்க்க வேண்டும். ஓரத் துளை கிழிந்திருந்தால் ஒட்ட வேண்டும். பழைய ஒட்டு விட்டுப்போயிருந்தால் பிரித்துப் புதிதாக ஒட்ட வேண்டும். ஒரு ஃபிரேம்கூட வீணாகக் கூடாது. நான் சரி என்று கையெழுத்துப் போட்டு, மேலதிகாரியும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது கணினியில் ஏற்றும் இயந்திரத்துக்குப் போகும். அந்த இயந்திரம் கேள்வி கேட்காது. கொடுத்ததை அப்படியே விழுங்கும்.

‘குடைக்காரர் குடும்பம்’ படத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் இது வாக்குமூலம், எழுதிக்கொள்ளுங்கள். குடைக் கடைக்காரர் ஒருவர். வீட்டில் அழகான மனைவி. அது போதாமல் அடுத்த தெருவில் ஒரு தையல்காரி. குடைத் துணி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தையல்காரி வீட்டுக்குப் போவார். கஞ்சத்தனத்தில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் குடையைப் பரிசாகக் கொடுத்துவிடுவார். ஒரு மழை நாளில் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு குடையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அப்புறம் ஒரே ஓட்டம்தான். அலமாரிக்குள் ஒளிவார், பெண் வேஷம் கட்டுவார், கடைசியில் சொந்த வீட்டு மாடியிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குள் விழுவார். சொட்டச் சொட்ட எழுந்து வந்து, கொட்டும் மழையில் மனைவி முன்னால் நின்றுகொண்டு சொல்வார்:

“நனைஞ்சவனுக்குத்தானே குடை வேணும்?”

மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உதட்டைக் கடிப்பாள். சிரித்துவிடுவாள். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்து, அவர் தலைக்கு மேல் விரிப்பாள். நான்கு நிமிடம். சுபம். தையல்காரி என்ன ஆனாள் என்று படத்தில் சொல்லவே மாட்டார்கள்.

எங்கள் ஊரில் இந்தப் படம் எங்கே ஓடினாலும் ஜனங்கள் குடையோடுதான் போவார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி. அவள் குடையை விரிக்கும்போது அரங்கத்தில் எல்லோரும் குடையை விரிப்பார்கள். பின்னால் இருக்கிறவர்களுக்குப் படம் தெரியாது, ஆனால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஏனென்றால் அவர்களும் விரித்துக்கொண்டிருப்பார்கள். நானும் விரித்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் என்னை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போன படம் அதுதான்.

அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். நல்ல வாத்தியார். கை நடுங்குகிறவர்களை, இடது வலது தெரியாதவர்களை எல்லாம் தேற்றிவிடுவார். என்னை முதல் தடவையே பாஸ் பண்ண வைத்தார். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது.

அந்த வசனத்தை அவர் எடுத்து வைத்துக்கொண்டார். பத்தொன்பது வருஷமாக வீட்டில் எது நடந்தாலும் அதுதான். கண்ணாடி டம்ளரை உடைத்தால் அது. என் பிறந்தநாளை மறந்தால் அது. என் அம்மாவை ரயில் நிலையத்தில் மூன்று மணி நேரம் காக்க வைத்துவிட்டு வந்து நின்று, அதே வசனம். முகத்தை அப்படியே அந்த நடிகர் மாதிரி வைத்துக்கொண்டு, தலைமுடியை நெற்றியில் இழுத்து விட்டுக்கொண்டு சொல்வார். நான் சிரித்துவிடுவேன். சிரித்த பிறகு எப்படி சார் கோபப்படுவது?

அவரிடம் ஒரு மாணவி சேர்ந்தாள். பெயர் எதற்கு? பள்ளியில் எல்லோரும் அவளை ‘ஆறு தடவை’ என்றுதான் சொல்வார்கள், ஆறு தடவை தேர்வில் தவறியவள். எனக்கு அவள் மேல் இரக்கம்தான் வந்தது. “அவளுக்கு ரிவர்ஸ் எடுக்கவே வரமாட்டேங்குது, ரொம்பப் பயப்படறா” என்று சாப்பிடும்போது இவர் சொல்லுவார். தனியாகக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன் என்று சொன்னது நான்தான். அந்தப் புத்திசாலித்தனத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் நாத்தனார் மாடியில் குடியிருக்கிறாள். அவள்தான் ஒருநாள் வந்து, துணியை மடித்துக்கொண்டே, பூங்காவுக்குப் பின்னால் அண்ணன் வண்டி இரண்டு மணி நேரமாக நகராமல் நிற்கிறது, பேட்டரி போயிருக்கும் போல என்றாள். அவள் நல்லவள். நிஜமாகவே பேட்டரி என்றுதான் நினைத்தாள். நான் மதிய இடைவேளையில் கம்பளிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் போனேன்.

வண்டி அங்கேதான் நின்றது. மேலே பலகை: ‘பயிற்சி வாகனம், விலகிச் செல்லவும்.’ எஞ்சின் சத்தம் இல்லை. ஆனால் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பொட்டு மழை இல்லை சார், காய்ந்த கண்ணாடியில் கிர்ர் கிர்ர் என்று அது பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. யாருடைய முழங்கையோ வைப்பரைப் போடும் கம்பியில் பட்டிருக்கிறது. அதை நிறுத்தவேண்டும் என்ற நினைப்பே உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் இல்லை. வைப்பர் ஒதுங்கும்போதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

கண்ணாடியைத் தட்டினேன். அவர் இறக்கினார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது, ஒன்றுமே எழுதாத காகிதம் மாதிரி இருந்தது. அப்புறம் மெதுவாகத் தலைமுடியை நெற்றியில் இழுத்து விட்டுக்கொண்டார்.

“நனைஞ்சவனுக்குத்தானே குடை வேணும்?” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பத்தொன்பது வருஷப் பழக்கம், வாய் தானாகவே சிரித்துவிட்டது. அது பரவாயில்லை. பக்கத்து இருக்கையில் அவளும் சிரித்தாள். எங்கே சிரிக்க வேண்டுமோ அங்கே, என்னோடு சேர்ந்து, அதே நேரத்தில். அவளிடமும் அவர் அதைச் சொல்லிப் பழக்கியிருக்கிறார். அந்த இடத்தில் எனக்கு வலித்தது சார். அதுவரைக்கும் வலிக்கவில்லை. நடந்தே காப்பகத்துக்குத் திரும்பினேன்.

அதோடு எல்லாம் முடிந்துவிட்டதாக எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவள் வேறு பயிற்சிப் பள்ளிக்குப் போய் அடுத்த வாரமே பாஸ் ஆகிவிட்டாள். அவர் என் காலைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்துவிட்டேன். அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன், வீடே கேட்டது. நாத்தனார் யாரிடமோ தொலைபேசியில், “அண்ணியே சிரிச்சிட்டாங்க, அப்புறம் என்ன” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தப் படம் என் மேஜைக்கு வந்தது. நானாகக் கேட்டு வாங்கவில்லை, பதிவேட்டைப் பாருங்கள். படம் வெளிவந்து அறுபது வருஷம் ஆகிறது என்று பெரிய அரங்கத்தில் விழா ஏற்பாடு. மூலச் சுருள் எப்போதோ தீயில் போய்விட்டது. இப்போது மிஞ்சியிருக்கும் முழுப் பிரதி உலகத்திலேயே அந்த ஒன்றுதான். அதோடு முதல் பாதி மட்டும் பிழைத்த இன்னொரு பிரதியும் கிடங்கில் இருந்தது, கிழிந்த இடத்துக்கு உதவும் என்று அதையும் கொடுத்தார்கள். அந்த அரைப் பிரதி இல்லையென்றால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. கொடுத்தது யார் என்று நான் சொல்லப் போவதில்லை, மேலதிகாரிதான்.

முதல் வெட்டு உண்மையிலேயே பழுதுதான். குடைக்காரர் மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு வாசலில் திரும்பி நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கும் இடம். இரண்டு துளை கிழிந்திருந்தது. இரண்டு ஃபிரேம் எடுத்தால் போதும். நான் பதினொன்று எடுத்தேன். கண்ணடிப்பு போய்விட்டது. ஓட்டிப் பார்த்தேன். பொய் சொல்கிறார், போகிறார். கண்ணடிக்காமல் பார்த்தால் அந்த ஆள் சாதாரணமான ஆளாக இருந்தார். எனக்கு வேலை பிடித்துப்போயிற்று.

அடுத்து தையல்காரியின் சிரிப்பில் கொஞ்சம். அப்புறம் அலமாரிக்குள் அவர் மாட்டிக்கொண்டு தவிக்கும் காட்சி. அது ரொம்பச் சிரிப்பாக இருக்கும், அதனால் அதை விட்டுவிட்டேன். பாருங்கள், எனக்கு நகைச்சுவை பிடிக்காது என்கிறார்கள்.

கடைசி ரீலுக்கு மூன்று வாரம் பிடித்தது. அவர் தொட்டியிலிருந்து எழுந்து வருகிறார், மழையில் நிற்கிறார், வாயைத் திறக்கிறார். அங்கே வெட்டினேன். அரைப் பிரதியிலிருந்து மனைவி சமையலறையில் ஆப்பிள் சாப்பிடும் காட்சியை எடுத்து ஒட்டினேன். திரும்ப அவர் நனைந்தபடி நிற்கிறார். அவள் தலைவாருகிறாள். அவர் நிற்கிறார். அவள் பத்திரிகை புரட்டுகிறாள். அவர் மூக்கைத் துடைத்துக்கொள்கிறார். அவள் இன்னொரு ஆப்பிளை எடுக்கிறாள். அவர் நிற்கிறார். அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். அவர் நிற்கிறார். சுபம்.

ஒரு சின்னக் குறை உண்டு, மறைக்க மாட்டேன். ஃபிலிமில் ஒலி படத்துக்குக் கொஞ்சம் முன்னால் பதிந்திருக்கும், அதனால் வெட்டி ஒட்டினால் போன காட்சியின் சத்தம் வந்த காட்சியின் மேல் ஒரு நொடி வழியும். அவருடைய “நனை” மட்டும் அவள் ஆப்பிளைக் கடிக்கும்போது கேட்கிறது. அவள் கடித்த ‘கருக்’ அவர் முகத்தின் மேல் விழுகிறது. அதைச் சரிசெய்திருக்கலாம். மனசு வரவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது.

மேலதிகாரி எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று கேட்கிறீர்கள். அவர் மேல் பழி போடாதீர்கள், பாவம். விதிப்படி அவர் முழுப் படத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். என் மேஜைக்கு வந்தார், முதல் ரீலில் பத்து அடி பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, முதல் காட்சியிலிருந்து கடைசி வரை எனக்கே நடித்துக் காட்டினார். நன்றாகவே நடித்தார். கடைசி வசனத்தைச் சொல்லிவிட்டு, “இதைப் போய்ப் பார்க்கணுமாம்மா, தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன்” என்று கையெழுத்துப் போட்டார். கணினியில் ஏற்றியவரும் அப்படித்தான், விளம்பரம் தயாரித்தவரும் அப்படித்தான். எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் ஒருவரும் பார்க்கவில்லை. மோசமான படமாக இருந்திருந்தால் நான் அன்றைக்கே மாட்டியிருப்பேன்.

விழாவுக்கு அறுநூறு பேர் வந்தார்கள், அறுநூறு குடை. மனைவியாக நடித்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் முன்வரிசைக்குக் கூட்டி வந்தார்கள். என் வீட்டுக்காரர் புதுக் குடை வாங்கியிருந்தார், சிவப்பு. முடி வெட்டி, சட்டை தேய்த்து, மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார். விளக்கு அணையும்போது என் காதருகே குனிந்தார்.

“இன்னைக்கு எல்லார் முன்னாடியும் உனக்கு விரிக்கப் போறேன். அதோட அந்த விஷயத்தை மறந்துடணும், சரியா?”

சரி என்றேன்.

முதல் ஒன்றரை மணி நேரம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணடிப்பு இல்லாத இடத்திலும் பழக்கத்தில் சிரித்தார்கள். அவர் தொட்டியில் விழுந்தபோது கூரை பிய்த்துக்கொண்டது. பிறகு எல்லோரும் குடையை மடியில் நிமிர்த்தி, பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டார்கள். அவர் வாயைத் திறந்தார். ஜனங்களும் சேர்ந்து திறந்தார்கள். அவள் ஆப்பிளைக் கடித்தாள்.

அதிலிருந்து சுபம் வரைக்கும் ஓடிய பதினொரு நிமிடத்தை நான் எப்படிச் சொல்வது? முதலில் கொஞ்சம் சிரிப்பு. பிறகு ஒரு குசுகுசுப்பு. யாரோ அவசரப்பட்டுக் குடையை விரித்துவிட்டு, அசடு வழிந்து மடக்கினார். தலைவாரும்போது, “இது எப்ப வந்துச்சு?” என்று ஒரு குரல். இரண்டாவது ஆப்பிளுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அறுநூறு கட்டைவிரல் அறுநூறு பொத்தானில் காத்துக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் சிவப்புக் குடையும் அப்படியே நிமிர்ந்து நின்றது. திரையில் அந்த ஆள் நனைந்துகொண்டே இருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் படத்தை நான் அவ்வளவு ரசித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

விளக்குப் போட்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒலிபெருக்கியை அந்த அம்மாவிடம் நீட்டினார்கள். அவர், “நான் இத்தனை ஆப்பிளா சாப்பிட்டேன்?” என்று கேட்டார். பிறகு நன்றி சொல்லிக் கும்பிட்டார்.

என் வீட்டுக்காரர் என்னோடு வாகன நிறுத்தம் வரைக்கும் நடந்து வந்தார். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “அவ ஏன் குடையை எடுக்கவே இல்லை?” என்றார். பசியாக இருந்திருக்கும் என்றேன்.

மறுநாளே என்னைப் பிடித்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்து ஒட்டுகளைப் பார்த்தாலே போதும். அவ்வளவு சுத்தமாக ஒட்ட எங்கள் கட்டடத்தில் வேறு யாருக்கும் வராது. மேலதிகாரிக்கு அழுகையே வந்துவிட்டது. மற்றதெல்லாம் போகட்டும், வெட்டிய கடைசி நான்கு நிமிடத்தை மட்டும் கொடுத்துவிடு, உன் வேலைக்கு நான் பொறுப்பு என்று கெஞ்சினார். நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். அந்தக் காட்சி எங்கே.

பத்திரமாக இருக்கிறது சார். எரிக்கவில்லை, குப்பையில் போடவில்லை. வீட்டில் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆனால் அது இப்போது நீளமாக இல்லை. விழா முடிந்த அன்றே உட்கார்ந்து ஒவ்வொரு ஃபிரேமாக நறுக்கிவிட்டேன். ஒரு நொடிக்கு இருபத்து நான்கு, நான்கு நிமிடத்துக்கு ஐயாயிரத்து எழுநூற்று அறுபது. மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரரின் மதியச் சாப்பாட்டு டப்பாவில், மூடிக்கு உள்பக்கம், தினம் ஒன்று வைத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை தட்டுக்குப் பக்கத்தில். இதுவரை நாற்பத்தொன்று போயிருக்கிறது.

அவருக்கு விவரம் தெரியும். மறைத்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. பள்ளியில் சாப்பிடுவதற்கு முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாராம். ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறார். முந்தாநாள், “இன்னைக்கும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேதான் நிக்கறா” என்றார். இப்போதுதானே சார் ஆரம்பித்திருக்கிறது? இன்னும் இரண்டு நொடிகூட ஆகவில்லை. அடுத்த வருஷம் அவள் உதட்டைக் கடிப்பாள். மூன்றாவது வருஷம் சிரிப்பாள். குடை விரிய ஒன்பது வருஷம் ஆகும். மொத்தம் பதினைந்து வருஷம், ஒன்பது மாதம், சில நாள். அப்போது அவருக்கு அறுபத்து மூன்று, பல் இருக்கும்.

மிச்சத்தைக் கொடுத்துவிட்டால் வேலையில் தொடரலாம் என்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் நீங்கள் கேட்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். நாற்பத்தொன்றைக் கொடுத்துவிட்டு மீதியை நிறுத்தச் சொல்கிறீர்கள். தினமும் டப்பாவை ஆசையாகத் திறக்கிற மனிதர் அவர். அவரைப் பாதியில் விட என்னால் முடியாது, அது கொடுமை. வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? வெட்டினேன், ஒட்டினேன், நறுக்கினேன், எல்லாவற்றையும் நான்தான் செய்தேன், வேறு யாருக்கும் பங்கில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். மன்னிக்கத் தெரியாதவள் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் அன்று சாயங்காலமே மன்னித்துவிட்டேன் சார். அவருக்குப் போய்ச் சேரத்தான் கொஞ்சம் நாளாகும்.